மெட்ஸின் மைனர் லீக் வீரர்களைத் தொடர எந்த வழி: அறிவிப்புப் பக்கமா, ஒளிபரப்பா, தரவரிசையா, மைதானமா?

நோலன் மெக்லீன், ஆகஸ்ட் 16. ஜோனா டாங், ஆகஸ்ட் 29. பிராண்டன் ஸ்ப்ரோட், செப்டம்பர் 7. 2025இல் மூன்று வாரச் சொச்சத்துக்குள் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணிக்காகத் தங்கள் முதல் ஆட்டத்தை ஆடிய மூன்று பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) இவர்கள். பெரிய லீக் (எம்.எல்.பி.) ஆட்டங்களை மட்டும் பார்ப்பவர்களுக்கு மூவரும் திடீரென்று முளைத்தவர்கள். ஏப்ரலிலிருந்தே மெட்ஸின் மைனர் லீக் (இளம் வீரர்கள் பழகி மேலேறும் கீழ்நிலை லீக்) கிளை அணிகளான பிங்ஹாம்டனையும் சிராக்யூஸையும் கவனித்து வந்தவர்களோ, "இன்னும் ஏன் மேலே கூப்பிடவில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த இரண்டாவது கூட்டத்தில் சேர விரும்புகிறவர்கள் வழக்கமாக ஓரிடத்தில் திகைத்து நின்றுவிடுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? அணியின் அறிவிப்புகளையும் ஸ்கோர் அட்டைகளையும் தினமும் படித்தால் போதுமா? சந்தா கட்டி ஆட்டங்களைப் பார்க்க வேண்டுமா? தரவரிசைப் பட்டியல்களை நம்பலாமா? நேரில் போய்ப் பார்ப்பதில் பயன் உண்டா? நான்கையும் செய்ய யாருக்கும் நேரம் கிடையாது. இந்தக் கட்டுரை மெட்ஸை வைத்து எழுதப்பட்டது. விதிகள் 30 அணிகளுக்கும் ஒன்றுதான், ஊர்களின் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து ஒப்பிடுவது

இளம் வீரர்களைத் தொடர்பவர்கள் ஒரே மூச்சில் மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். "எப்போது வருவார்?" என்பது ஒன்று. "உண்மையிலேயே சரக்கு இருக்கிறதா?" என்பது இன்னொன்று. "மற்ற அணிகள் அவருக்கு என்ன மதிப்பு போடுகின்றன?" என்பது மூன்றாவது. முதல் கேள்வியைத் தீர்மானிப்பவை ரோஸ்டர் (வீரர் பட்டியல்) விதிகள். இரண்டாவதற்குக் கண்ணும், வேகம், சுழற்சி போன்ற பந்து அளவீடுகளும் வேண்டும். மூன்றாவதற்குத் தரவரிசை உதவும். எந்த ஒரு வழியும் மூன்றுக்கும் பதில் தராது. பெரும்பாலோர் ஏமாறுவது ஒரு கேள்விக்கான கருவியை வைத்து இன்னொரு கேள்விக்குப் பதில் தேடுவதால்தான்.

அதனால் முதல் அளவுகோல், உங்களை அதிகம் குடைவது இந்த மூன்றில் எது என்பதே. அதற்கடுத்தவை: எந்தப் படிநிலை வரை தெரிகிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, கட்டணத்துக்கு மேல் என்ன செலவு, எந்த இடத்தில் தவறாக வழிகாட்டுகிறது.

படிநிலைகளை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2021இல் மைனர் லீக் திருத்தியமைக்கப்பட்ட பிறகு ஒவ்வொரு அணிக்கும் முழுப்பருவக் கிளை அணிகள் நான்கு, மொத்தம் 120. மெட்ஸுக்கு மேலிருந்து கீழாக: ட்ரிபிள்-ஏ சிராக்யூஸ், டபுள்-ஏ பிங்ஹாம்டன், ஹை-ஏ புரூக்ளின், சிங்கிள்-ஏ செயின்ட் லூசி. இவற்றுக்கும் கீழே புளோரிடாவில் பயிற்சி வளாக லீக் அணியும், டொமினிக்கன் குடியரசில் கோடைக்கால லீக் அணியும் உண்டு.

| | அறிவிப்பும் ஸ்கோர் அட்டையும் | ஒளிபரப்பு | தரவரிசை | மைதானம் |
|---|---|---|---|---|
| எந்தக் கேள்விக்கு | எப்போது வருவார் | சரக்கு இருக்கிறதா | சந்தை மதிப்பு என்ன | சரக்கு இருக்கிறதா (ஓரிருவரைப் பற்றி மட்டும்) |
| நேரம் | நாளுக்கு 15 நிமிடம் | ஒரு பிட்சருக்கு வாரம் சுமார் 1 மணி | ஆண்டுக்கு இரண்டு மூன்று மாலைப்பொழுதுகள் | முழு மாலை, பயணம் தனி |
| பணம் | இல்லை | சந்தா | இலவசமும் உண்டு, கட்டணமும் உண்டு | சீட்டு, பயணம், வண்டி நிறுத்தம், சாப்பாடு |
| எங்கே ஏமாற்றும் | மைதானத்தின் தன்மை, வீரரின் வயது | குறைந்த கேமரா, ஒருசார்பு வர்ணனை | சீக்கிரம் பழசாகும் | ஒரே நாள் ஆட்டம் |

## 1. அறிவிப்புப் பக்கமும் ஸ்கோர் அட்டையும்

ஒரே ஒரு வழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும். காசு கிடையாது. ஆறு வாரம் பழகினால், ஓர் அறிவிப்பைப் பார்த்தவுடன் அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கும் கை வந்துவிடும். எம்.எல்.பி. தளத்தில் ஒவ்வொரு அணிக்கும் வீரர் மாற்றங்களுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறது, மைனர் லீக் அணிகளுக்கும் அப்படியே. ஒருவரின் முழு வரலாறும் அவருடைய சொந்தப் பக்கத்தில் தேதிவாரியாகக் கிடைக்கும்.

எல்லாம் இங்கே சொற்களில்தான் இருக்கிறது. "ரீகால்" என்றால் அந்த வீரர் ஏற்கெனவே 40 பேர் பட்டியலில் (பெரிய லீக் ஒப்பந்தம் உள்ளவர்களின் பட்டியல்) இருக்கிறார், கீழே இருந்தவரை மேலே எடுக்கிறார்கள். "செலக்டட் தி கான்ட்ராக்ட்" என்றால் அவர் அந்தப் பட்டியலுக்கே புதியவர். மெக்லீன் இரண்டாவது வகை. பட்டியலில் 40 பேரும் நிறைந்திருந்தால் இன்னொருவரை வெளியேற்றாமல் புதியவரைச் சேர்க்க முடியாது. அதனால் அந்த அறிவிப்பில் வரும் இரண்டாவது பெயரையும் படியுங்கள். யாரையாவது 60 நாள் காயப் பட்டியலுக்கு மாற்றியிருப்பார்கள் (அங்கே போனவர் 40 பேர் கணக்கில் வரமாட்டார்), அல்லது யாரையாவது டி.எஃப்.ஏ. செய்திருப்பார்கள் (40 பேர் பட்டியலிலிருந்து நீக்கியிருப்பார்கள்). டி.எஃப்.ஏ. ஆனவருக்கு 7 நாள் கெடு. அதற்குள் அவரை வேறு அணிக்கு மாற்ற வேண்டும், விடுவிக்க வேண்டும், அல்லது மற்ற அணிகள் உரிமை கோரும் வெய்வருக்கு அனுப்ப வேண்டும். எந்த அணியும் எடுக்காவிட்டால் பட்டியலுக்கு வெளியே மைனர் லீக்கில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் முன்பே ஒருமுறை அப்படி அனுப்பப்பட்டவரும் மூன்று ஆண்டுப் பணிக்காலம் முடித்தவரும் மறுத்துவிட்டு வெளியேறலாம்.

"ஆப்ஷன்" கணக்குதான் புதியவர்களை அதிகம் குழப்புவது. 40 பேர் பட்டியலில் உள்ள வீரரை வெய்வர் இல்லாமல் கீழே அனுப்ப அணிக்கு வழக்கமாக மூன்று பருவங்கள் உரிமை உண்டு. ஒரு பருவத்தில் எத்தனை முறை அனுப்பினாலும் செலவாவது ஒரு ஆப்ஷன்தான். லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒரே பருவத்தில் ஒருவரை ஐந்து முறைக்கு மேல் இப்படி அனுப்ப முடியாது. மொத்தமாகக் கீழே கழித்தது 20 நாளுக்குக் குறைவு என்றால் அந்த ஆண்டின் ஆப்ஷன் செலவாகாது. அனுப்பப்பட்ட பேட்டர் 10 நாளும் பிட்சர் 15 நாளும் கீழே இருந்தாக வேண்டும். மேலே ஒருவர் காயப் பட்டியலுக்குப் போய் அவர் இடத்துக்கு வருவதென்றால் இந்தக் கெடு இல்லை. மெட்ஸ் 2025இல் 40க்கும் மேற்பட்ட பிட்சர்களை இறக்கியது. அந்த வரத்தும் போக்கும் இந்த 15 நாள் கணக்கை அறிந்தவர்களுக்கு மட்டுமே புரிந்திருக்கும். நேற்று மூன்று இன்னிங்ஸ் வீசிய, ஆட்டத்தின் நடுவில் இறங்கும் ரிலீவரைக் கீழே அனுப்பிவிட்டுக் களைப்பில்லாத ஒருவரை எடுக்கிறார்கள். அனுப்பப்பட்டவர் மோசமாக வீசினார் என்று அதற்குப் பொருளல்ல.

ஆப்ஷன் தீர்ந்துபோனவர்களின் பெயர்களைப் பிப்ரவரியிலேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் பெரிய லீக்கில் ஆடப்போகும் 26 பேரை இறுதி செய்யும்போது இவர்களை வெய்வர் இல்லாமல் கீழே அனுப்ப முடியாது. அதனால் ஆப்ஷன் உள்ள இளைஞர், நன்றாக ஆடியும், சிராக்யூஸுக்குப் போவார். மார்ச் மாதத்தில் ரசிகர்கள் கொதிப்பது பெரும்பாலும் இதனால்தான். விடை ஸ்கோர் அட்டையில் இருக்காது, ரோஸ்டர் விதியில் இருக்கும்.

தினசரி வேலை இவ்வளவுதான்:

1. மெட்ஸின் மாற்றங்கள் பக்கத்தைத் திறந்து நேற்றைய வரிகளைப் படியுங்கள்.
2. நான்கு கிளை அணிகளின் ஸ்கோர் அட்டைகளைப் பாருங்கள். ஓட்டங்களுக்கு முன்னால், யார் எந்த இடத்தில் ஃபீல்டிங் செய்தார், பிட்சர் எத்தனை பந்து வீசினார் என்று பாருங்கள்.
3. யார் இல்லை என்று பாருங்கள். தினமும் ஆடும் ஒருவர் மூன்று நாள் காணாமல் போனால் காயம், பதவி உயர்வு, வேறு அணிக்கு வியாபாரம் மூன்றில் ஒன்று.

மேலழைப்பின் அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டாவது மூன்றாவது படிகளில் தெரியும். ஷார்ட்ஸ்டாப்பாகவே (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே) ஆடிவந்தவர் திடீரென்று வாரத்தில் இரண்டு நாள் இடது அவுட்ஃபீல்டில் நிற்கிறார் என்றால், மேலே அங்கேதான் இடம் காலியாகப் போகிறது. சிராக்யூஸின் ஸ்டார்ட்டர் (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்) தன் முறையில் வீசாமல் தள்ளிவைக்கப்பட்டால், அல்லது காரணமே இல்லாமல் இரண்டு இன்னிங்ஸோடு எடுக்கப்பட்டால், மெட்ஸின் ஸ்டார்ட்டர் சுழற்சியில் எந்த நாள் ஓட்டை இருக்கிறது என்று உடனே பாருங்கள்.

வாரம் ஒருமுறை ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் ரோஸ்டர்ரிசோர்ஸ் பக்கத்தைப் பார்த்தால் 40 பேர் பட்டியலில் எத்தனை இடம் காலி, யாருக்கு எத்தனை ஆப்ஷன் மிச்சம் என்பது ஒரே இடத்தில் கிடைக்கும். இதை நீங்களே தாளில் கணக்கு வைக்கத் தேவையில்லை.

பணிக்கால விதிகளையும் கூடவே தெரிந்துகொள்ளுங்கள். பெரிய லீக்கில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டுப் பணிக்காலம். ஆறு ஆண்டு முடிந்தால் வீரர் சுதந்திரமாக எந்த அணிக்கும் போகலாம். பருவத்தின் நீளமே 172க்குச் சற்று மேல்தான் என்பதால், ஏப்ரலில் இரண்டு மூன்று வாரம் தாமதித்துக் கூப்பிட்டால் அணிக்கு ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கும். புதுமுகத் தகுதிக்கு வேறு எல்லைகள்: 130 பேட்டிங் வாய்ப்பு, அல்லது 50 இன்னிங்ஸ், அல்லது பட்டியலில் 45 நாள். இவற்றில் ஒன்றைத் தாண்டினால் புதுமுகத் தகுதி போய்விடும். மெக்லீன் 2025இல் 8 ஆட்டங்களில் சரியாக 48 இன்னிங்ஸ் வீசினார், நாட்கணக்கும் 45ஐத் தாண்டவில்லை. 2.06 இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ஓட்டங்களின் சராசரி) வைத்திருந்தும் 2026இல் அவர் விதிப்படி புதுமுகம்தான்.

மறைந்திருக்கும் செலவு: எண்கள் மைதானத்தைப் பொறுத்தவை. புரூக்ளினின் மைதானம் கோனி தீவுக் கடற்கரையில் இருக்கிறது. கடல் காற்று பந்தைத் தடுப்பதால் அங்கே ஹோம்ரன் அடிப்பது கடினம். அங்கே .230 பேட்டிங் சராசரி வைத்திருக்கும் 20 வயது இளைஞரைக் கழித்துக்கட்டுவது பெரிய பிழை. எதிர்ப்பக்கமும் உண்டு. 2013 முதல் 2018 வரை மெட்ஸின் ட்ரிபிள்-ஏ அணி லாஸ் வேகஸில் இருந்தது. உயரமான, வறண்ட ஊர்கள் நிறைந்த பசிபிக் கோஸ்ட் லீக்கில் பேட்டர்கள் எல்லாம் நட்சத்திரங்களாகவும் பிட்சர்கள் எல்லாம் உதவாதவர்களாகவும் தெரிந்தார்கள். சராசரியையும் இ.ஆர்.ஏ.வையும் ஒதுக்கிவிட்டு, ஸ்டிரைக்அவுட் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் வெளியேறுவது) விழுக்காட்டையும் வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்குக் கிடைக்கும் முதல் பேஸ்) விழுக்காட்டையும் அந்தப் படிநிலையின் சராசரி வயதோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொரு கண்ணி: காயத்திலிருந்து திரும்பும் பெரிய வீரர்கள் சிராக்யூஸிலும் பிங்ஹாம்டனிலும் சில ஆட்டங்கள் ஆடுவார்கள். பேட்டருக்கு 20 நாள், பிட்சருக்கு 30 நாள் வரை இதற்கு அனுமதி. அந்தக் கெடு முடியும் நாளைக் குறித்துக்கொண்டால் மேலே யார் இடம் பறிபோகும் என்று முன்கூட்டியே தெரியும்.

இந்த வழி வேகமானதும் அல்ல. செய்தியாளர்கள் இரவே சொல்லிவிடுவார்கள். அணியின் பக்கம் மறுநாள் ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்புதான் மாறும். ஆனால் அங்கே வந்தது உறுதியானது.

## 2. ஒளிபரப்பும் பந்து அளவீடும்

மைனர் லீக் ஆட்டங்களுக்கான ஒளிபரப்பு எம்.எல்.பி. சந்தாவோடு சேர்ந்தும் வந்திருக்கிறது, தனியாகவும் விற்கப்பட்டிருக்கிறது. இந்த ஏற்பாடு பருவத்துக்குப் பருவம் மாறுவதால், கட்டுவதற்கு முன் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் சந்தாவில் இது அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை பணம் கட்டியவர்கள் நிறைய.

பணத்தைவிட முக்கியமான ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பேஸ்பால் சேவன்ட் தளத்தில் ட்ரிபிள்-ஏ முழுமைக்கும் 2023 முதல் பந்து அளவீடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சிங்கிள்-ஏயில் புளோரிடா ஸ்டேட் லீக்குக்கும் கிடைக்கின்றன. அதாவது மெட்ஸைப் பொறுத்தவரை சிராக்யூஸும் செயின்ட் லூசியும் வெளிச்சத்தில் இருக்கின்றன. நடுவில் உள்ள பிங்ஹாம்டனும் புரூக்ளினும் 2025 பருவத்தில் இருட்டில் இருந்தன. சந்தாவின் உண்மையான பயன் இந்த இரண்டு நடுப்படிகளில்தான்.

2025இன் இரண்டு பிட்சர்களே இதற்குச் சான்று. மெக்லீன் சிராக்யூஸில் நீண்ட காலம் வீசினார். அவருடைய வளைவுப் பந்து நிமிடத்துக்கு 3000க்கு மேல் சுழல்வதை வீட்டிலிருந்தே யார் வேண்டுமானாலும் எண்ணாகப் பார்க்க முடிந்தது. டாங் அப்படியல்ல. பிங்ஹாம்டனில் 102 இன்னிங்ஸ், 162 ஸ்டிரைக்அவுட், 1.59 இ.ஆர்.ஏ. சிராக்யூஸில் வெறும் இரண்டே ஆட்டம், 11.2 இன்னிங்ஸ் (அதாவது பதினொன்றும் மூன்றில் இரண்டும்), ஒரு ஓட்டம்கூடக் கொடுக்கவில்லை. உடனே மேலே போனார். அங்கே ஐந்து ஆட்டங்களில் 7.71 இ.ஆர்.ஏ. ஸ்கோர் அட்டையை மட்டும் படித்தவர்களுக்கு இந்த வீழ்ச்சி விளங்கவே இல்லை. பிங்ஹாம்டன் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள், அவர் கை தலைக்கு மேலிருந்து செங்குத்தாக இறங்குவதையும், உயரத்தில் வீசும் வேகப் பந்தையும், அதே அசைவில் மெதுவாக வரும் சேஞ்ச்அப்பையும் பெரிதும் நம்புவதையும் அறிந்திருந்தார்கள். டபுள்-ஏ பேட்டர்கள் துரத்திய உயரமான பந்துகளைப் பெரிய லீக் பேட்டர்கள் விட்டுவிட்டால் என்ன செய்வார் என்ற கேள்வி அவர்களுக்கு ஜூனிலேயே இருந்தது.

பார்ப்பதற்கு ஒரு முறை வேண்டும். ஒரே மாலையில் நான்கு ஆட்டம் நடக்கும், எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் பத்து நாளில் சலித்துவிடும். ஒரே எதிரணியுடன் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு ஆட்டங்கள், திங்கள் விடுமுறை என்பதுதான் மைனர் லீக் அட்டவணை. பெரும்பாலான ஸ்டார்ட்டர்கள் வாரம் ஒருமுறையே வீசுகிறார்கள். போன வாரம் புதன்கிழமை வீசியவர் இந்த வாரமும் அதையொட்டியே வருவார். நேரலையை விட்டுவிட்டு மறுநாள் பதிவில் அவர் வீசும் பாதி இன்னிங்ஸ்களை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூன்றாம் முறை அதே பேட்டரைச் சந்திக்கும்போது வேகம் எவ்வளவு குறைகிறது, 3-1 (மூன்று பால், ஒரு ஸ்டிரைக்) என்ற நெருக்கடியில் வேகப் பந்தைத் தவிர வேறு எதையாவது துணிந்து வீசுகிறாரா என்ற இரண்டை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். பேட்டர் என்றால், ஸ்டிரைக் மண்டலத்துக்கு வெளியே விழும் வளைவுப் பந்தை எத்தனை முறை விட்டுவிடுகிறார் என்று எண்ணுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்கு: அங்கே மாலை 6.35க்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே அதிகாலை 4.05. ஆனால் பள்ளிக் குழந்தைகளுக்காக வாரநாட்களில் காலை 11 மணி வாக்கில் நடத்தும் ஆட்டங்கள் நமக்கு இரவு எட்டரை. ஞாயிறு பகல் 1.05 ஆட்டம் இரவு 10.35. அட்டவணையில் இவற்றை முன்பே குறித்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் செலவு: கீழ்ப்படிகளில் கேமரா குறைவு. பந்து அடிபட்ட கணத்தில் ஃபீல்டர் எந்தப் பக்கம் முதல் அடி வைத்தார் என்பது திரையில் தெரியாது. எனவே ஒளிபரப்பை வைத்து ஃபீல்டிங்கைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வர்ணனையாளர் அணியின் ஊழியர், நல்லதைத்தான் அதிகம் சொல்வார். சிறிய மைதானங்களின் வேகமானி ஒன்றிரண்டு மைல் கூடக் குறைய இருக்கும். ட்ரிபிள்-ஏ எண்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. அங்கே 2023 முதல் ஸ்டிரைக் மண்டலத்தை ஏ.பி.எஸ். எனும் தானியங்கி முறை தீர்மானித்தோ, முறையீட்டில் திருத்தியோ வந்தது. 2023இல் வாக் எண்ணிக்கை அதனால் எகிறியது. சிராக்யூஸின் வாக் விழுக்காட்டைப் பிங்ஹாம்டனோடு நேராக ஒப்பிடாதீர்கள்.

## 3. தரவரிசைப் பட்டியல்கள்

எம்.எல்.பி. பைப்லைன் முதல் 100 பேரையும் ஒவ்வொரு அணிக்கும் முதல் 30 பேரையும் இலவசமாகத் தருகிறது. ஃபேன்கிராஃப்ஸும் பட்டியல்கள் வெளியிடுகிறது. பேஸ்பால் அமெரிக்கா முதல் 100 பேர் பட்டியலை 1990 முதல் வெளியிடுகிறது, அதற்குச் சந்தா வேண்டும். இ.எஸ்.பி.என்., பேஸ்பால் ப்ராஸ்பெக்டஸ், தி அத்லெடிக் ஆகியவற்றிலும் பட்டியல்கள் வருகின்றன. பெரிய பட்டியல்கள் ஜனவரி, பிப்ரவரியில் வெளியாகும். அணிகள் முறைவைத்துப் புதிய இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் ஜூலை டிராஃப்ட் முடிந்ததும் மறுபடி புதுப்பிப்பார்கள்.

வரிசை எண்ணைவிட அதனடியில் உள்ள மதிப்பெண்ணைப் படியுங்கள். 20 முதல் 80 வரையிலான அளவில் 50 என்பது பெரிய லீக் சராசரி. ஃபேன்கிராஃப்ஸ் தரும் எஃப்.வி. எனும் எதிர்கால மதிப்பில் 50 என்றால் சராசரியான நிரந்தர வீரர், 60 என்றால் ஆல்-ஸ்டார் தரம், 40 என்றால் மாற்று ஆட்டக்காரர். முதல் பத்துக்கும் ஐம்பதாம் இடத்துக்கும் நடுவே மலையளவு வித்தியாசம் உண்டு. அறுபதாம் இடத்துக்கும் தொண்ணூறாம் இடத்துக்கும் நடுவே அநேகமாக ஒன்றுமில்லை, இருவருமே 50தான். இதை அறியாமல் "30 இடம் சரிந்துவிட்டார்" என்று வருந்துவது வீண்.

2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தப் பட்டியல்கள் ரோஸ்டர் முடிவுகளையே பாதிக்கின்றன. பேஸ்பால் அமெரிக்கா, இ.எஸ்.பி.என்., எம்.எல்.பி. பைப்லைன் மூன்றில் குறைந்தது இரண்டின் முதல் 100இல் இருக்கும் இளைஞரைப் பருவத் தொடக்கத்திலேயே கூப்பிட்டு, அவர் முழு ஆண்டுப் பணிக்காலம் பெற்று, சிறந்த புதுமுகம் விருதை வென்றால் அணிக்குக் கூடுதலாக ஒரு டிராஃப்ட் தேர்வு கிடைக்கும். சியாட்டில் மரினர்ஸ் 2022இல் ஹூலியோ ரோட்ரிகெஸை முதல் நாளிலிருந்தே ஆடவிட்டது, அவர் விருதை வென்றார், அணிக்கு 2023 டிராஃப்டில் கூடுதல் தேர்வு கிடைத்தது. ஆகவே ஒருவர் இந்த மூன்றில் எத்தனை பட்டியலில் இருக்கிறார் என்பது மார்ச் மாதத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

மற்றபடி பட்டியலை எடுக்க வேண்டிய காலங்கள் இரண்டு. ஒன்று, ஜூலை இறுதியில் வியாபாரக் கெடு நெருங்கும்போது. 2021 ஜூலையில் மெட்ஸ் ஹாவியர் பாயெஸுக்காகப் பீட் குரோ-ஆம்ஸ்ட்ராங்கைச் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்தது. காயத்தால் அந்தப் பருவத்தில் ஆறே ஆட்டம் ஆடிய ஒருவருக்கு அவ்வளவு மதிப்பு எப்படி வந்தது என்பதை ஸ்கோர் அட்டை சொல்லாது, பட்டியல் சொல்லும். மற்றது, நவம்பர் நடுவில் ரூல் 5 பாதுகாப்புக் கெடு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவரை ஐந்து பருவத்துக்குள்ளும், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு பருவத்துக்குள்ளும் 40 பேர் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். இல்லையென்றால் டிசம்பரில் வேறு அணி 1,00,000 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். எடுத்த அணி அவரை அடுத்த பருவம் முழுதும் 26 பேரில் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் பழைய அணிக்கு 50,000 டாலருக்குத் திருப்பித் தர முன்வர வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு: பிப்ரவரிப் பட்டியல் ஜூனில் பாதி பழசு. கட்டணப் பட்டியல் வேண்டுமென்றால் ஒன்றே போதும், எல்லாவற்றின் முதல் 40 பெயரும் ஏறக்குறைய ஒன்றுதான். சந்தாவின் மதிப்பு அணிவாரியாக எழுதும் விரிவான குறிப்புகளில் இருக்கிறது. அவற்றைப் படிக்கப் போவதில்லை என்றால் இலவசப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## 4. நேரில் போவது

நியூயார்க்கில் இருப்பவர்களுக்கு புரூக்ளின் சைக்ளோன்ஸ் எளிது. சுரங்க ரயிலில் டி, எஃப், என், கியூ எதில் ஏறினாலும் கோனி தீவின் ஸ்டில்வெல் அவென்யூ நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். பிங்ஹாம்டன் காரில் சுமார் மூன்று மணி நேரம், சிராக்யூஸ் நான்குக்கு மேல். அவ்வளவு தூரம் போவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அதே அணி உங்கள் பக்கத்து ஊருக்கு வெளியூர் ஆட்டத்துக்கு வருமே. எடிசன், பிரிட்ஜ்வாட்டர் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு, பிங்ஹாம்டன் அணி பிரிட்ஜ்வாட்டரில் யாங்கீஸின் டபுள்-ஏ கிளையான சாமர்செட் பேட்ரியட்ஸோடு ஆட வரும் வாரம்தான் வசதி. டொரன்டோ, மார்க்கம் பக்கம் இருப்பவர்கள் சிராக்யூஸ் அணியைப் பஃபலோவில் பார்க்கலாம், எல்லையைக் கடக்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். ஜோனா டாங் மார்க்கமில் வளர்ந்தவர் என்பதால் அந்தப் பகுதிக்கு அவர்மேல் தனி உரிமை உண்டு.

பிட்சரை வைத்து நாளைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பேட்டரை ஒரு நாளில் நான்கு முறைதான் பார்க்க முடியும், ஒரு ஸ்டார்ட்டரிடம் 80 பந்துகள் பார்க்கலாம். கைப்பேசியின் நிறுத்தற்கடிகாரத்தைக் கையில் வையுங்கள். ஓட்டக்காரர் பேஸில் இருக்கும்போது பிட்சர் அசைந்ததிலிருந்து பந்து கேட்சர் கையுறைக்குப் போக 1.3 நொடி சாதாரணம். கேட்சர் வாங்கி இரண்டாம் பேஸுக்கு எறிவது 2.0 நொடி. அடித்த கணத்திலிருந்து முதல் பேஸைத் தொட வலக்கை பேட்டருக்கு 4.3, இடக்கை பேட்டருக்கு 4.2 நொடி சராசரி. மூன்று நாலு முறை எடுத்துச் சராசரி பாருங்கள், ஒருமுறை எடுத்தால் உங்கள் விரலின் பிழையே 0.1 வரும். வலக்கை பேட்டரின் கைகளைப் பார்க்க முதல் பேஸ் பக்கம் உட்காருங்கள்.

திரையில் கிடைக்காதவை இங்கே கிடைக்கும்: ஃபீல்டரின் முதல் அடி, மோசமான இன்னிங்ஸுக்குப் பிறகு பிட்சர் பயிற்சியாளரோடு பேசும் விதம், ஆட்டத்துக்கு முன் புதிய இடத்தில் பழகும் ஒருவர். பிள்ளைகளுக்கு இது நல்ல மாலைப்பொழுதும்கூட.

மறைந்திருக்கும் செலவு: அறிவித்த பிட்சர் மாறலாம், மழை வரலாம். இரட்டை ஆட்டம் என்றால் ஒவ்வொன்றும் ஏழு இன்னிங்ஸ்தான். சீட்டு மலிவு என்று கிளம்பி, வண்டி நிறுத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் அதைவிட அதிகம் செலவழிப்பது வழக்கம். புளோரிடாவில் இருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு: வளாக லீக் ஆட்டங்கள் நண்பகலில் சீட்டில்லாமல் நடக்கின்றன. கடும் வெயில், தண்ணீரும் தொப்பியும் கட்டாயம்.

## யாருக்கு எது

நேரம் இல்லாதவர்கள், தமிழ்நாட்டிலிருந்து தொடர்பவர்கள்: முதல் வழி மட்டும். வாரம் ஒருமுறை ரோஸ்டர்ரிசோர்ஸ். சிராக்யூஸ் பிட்சர்களுக்குச் சேவன்ட்.

ஃபேன்டசி (கற்பனை அணி விளையாட்டு) ஆடுபவர்கள்: முதல் வழியும் சேவன்டும். உங்களுக்கு வேண்டியது தேதி. தரவரிசையில் முன்னால் இருந்தும் 40 பேர் பட்டியலில் இல்லாத 20 வயதுக்காரரை உட்காரவைத்து இடத்தை வீணாக்காதீர்கள்.

ஒரு குறிப்பிட்ட இளைஞரில் மனம் வைத்தவர்கள்: அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்பதே முடிவு செய்யும். பிங்ஹாம்டன், புரூக்ளின் என்றால் ஒளிபரப்புச் சந்தா. சிராக்யூஸ், செயின்ட் லூசி என்றால் முதலில் இலவச அளவீடுகள், அவை போதவில்லை என்றால் மட்டும் சந்தா.

வியாபாரங்களிலும் டிராஃப்டிலும் ஆர்வம் உள்ளவர்கள்: பட்டியல்கள். ஜூலையிலும் நவம்பரிலும் மட்டும்.

குடும்பத்தோடு ரசிப்பவர்கள்: பருவத்துக்கு இரண்டு முறை மைதானம், மற்ற நாட்களில் ஸ்கோர் அட்டை.

மாதச் சந்தா கிடைத்தால் ஆண்டுச் சந்தா கட்டும் முன் அட்டவணையைப் பாருங்கள். சிங்கிள்-ஏ, ஹை-ஏ பருவங்கள் செப்டம்பர் தொடக்கத்திலேயே முடிந்துவிடும், டபுள்-ஏ நடுவில், ட்ரிபிள்-ஏ பிற்பாதியில். புரூக்ளினுக்காக மட்டும் கட்டுபவருக்குச் செப்டம்பர் மாதம் வீண். பிங்ஹாம்டனுக்காகக் கட்டுபவர் ஏப்ரலின் முதல் வாரத்தையும் விட்டுவிடலாம், அந்தக் குளிரில் பிட்சர்களை அதிகம் வீசவிட மாட்டார்கள்.